திருகோணமலைப் படங்களுக்குச் சொந்தமாக ஒரு இணையத்தளம்: எதில் தொடங்கலாம்?

உப்புவெளி அலை:

எல்லாருக்கும் வணக்கம். படம் எடுப்பது எனக்குத் தொழில் இல்லை, ஆசை. வேலைக்குப் போகுமுன் உப்புவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களோடு நிற்பேன், பின்னேரங்களில் கோட்டைக்குள்ளும் சுவாமி மலையிலும், மாரி தொடங்கினால் டச்சுக் குடாப் பக்கம், கோடையில் யாராவது போட்டில் ஏற்றிக்கொண்டு போனால் திமிங்கிலம் பார்க்க ஆழக்கடல். பத்திரகாளி அம்மன் கோயில் தேர், கோணேசர் நகர்வலம், கன்னியா வெந்நீரூற்றுக்கு வருகிற சனம் என்று வருடக்கணக்கில் சேர்ந்த படங்கள் ஹார்ட் டிஸ்கில் கிடக்கின்றன.

இதுவரை முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும்தான் போட்டு வந்தேன். பார்ப்பவர்கள் அன்பாக இரண்டு வார்த்தை எழுதுகிறார்கள், அதில் குறை இல்லை. ஆனால் இரண்டு நாளில் படம் கீழே போய்விடுகிறது, போன வருடம் போட்டதை யாராவது கேட்டால் தேடி எடுப்பதே பெரும்பாடு. கரைவலை என்றால் தோணி கயிற்றோடு கடலுக்குள் வளைந்து போவதிலிருந்து கடைசியில் மடி என்கிற வலைப்பை கரைக்கு வந்து மீன் கொட்டும்வரை ஒரு ஒழுங்கு இருக்கிறது, அந்த ஒழுங்கில் பார்த்தால்தான் அந்த உழைப்பு விளங்கும், அதை அப்படி வைக்க அங்கே இடமே இல்லை. அகலமாக எடுத்த கடல் படம் போனில் ஒரு கீற்றாகத்தான் தெரிகிறது.

அதனால் சொந்தமாக ஒரு தளம் செய்ய நினைக்கிறேன். கோடிங் பெரிதாகத் தெரியாது, சொல்லித் தந்தால் பிடித்துக்கொள்வேன். மாதாமாதம் காசு கட்டுவது கஷ்டம், வருடத்துக்கு ஒரு தொகை என்றால் சமாளிக்கலாம். எங்கே தொடங்குவது? படத்தை முழு அளவில் ஏற்றலாமா? எழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா? இங்கே யாராவது செய்து பார்த்தவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

உவர்மலை:

நல்ல முடிவு. மற்றவர்களுடைய இடத்தில் மட்டும் படத்தை வைத்திருந்தால் அவர்கள் கொள்கை மாறுகிற நாளில் நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. படம் வைக்கிற தளமாக இருந்த பிக்காசா வெப் அல்பம்ஸ் 2016 இல் மூடப்பட்டது. பிளிக்கர் என்ற இன்னொரு படத்தளம் கைமாறிய பிறகு 2018 இல் இலவசக் கணக்குகளுக்கு 1000 படம்தான் எல்லை என்று அறிவித்தார்கள். அதற்காக முகநூலை விடச் சொல்லவில்லை, அது சனம் கூடுகிற இடம், அங்கே ஒரு படத்தைப் போட்டு உங்கள் தளத்துக்கு இணைப்புக் கொடுங்கள்.

முதலில் ஒன்று விளங்க வேண்டும்: தளத்தின் பெயர் வேறு, தளம் இருக்கிற இடம் வேறு. டொமைன் என்கிற பெயருக்கு வருடாவருடம் காசு கட்ட வேண்டும், டொட் கொம் என்றால் ஏறக்குறைய 10 முதல் 15 அமெரிக்க டொலர். முதல் வருடம் மலிவாகக் காட்டி அடுத்த வருடம் ஏற்றுகிற இடங்கள் உண்டு, ஆகவே புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். இலங்கைக்குரிய டொட் எல்கே வேண்டுமென்றால் அதற்கான பதிவகத்தில் எடுக்கலாம். டொட் இலங்கை என்று தமிழிலேயே முடிகிற முகவரியும் 2010 இலிருந்து இருக்கிறது, வடிவானது, ஆனால் சில செயலிகளில் ஒட்டினால் அது விளங்காத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறிவிடும், அதனால் இரண்டாவது பெயராக வைத்திருக்கலாம். எதை வாங்கினாலும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் வாங்குங்கள். தளம் செய்து தருகிறவர் தன் பெயரில் பதிந்துவிட்டு வெளிநாடு போய்விட, பெயரே கைவிட்டுப்போன கதைகள் ஊரில் இருக்கின்றன.

அப்புறம் இடம். படத்தளத்துக்கு டேட்டாபேஸ் தேவையே இல்லை என்பது என் கருத்து. பக்கங்களை முன்கூட்டியே செய்து வெறும் கோப்புகளாக ஏற்றிவிடுவது போதும், ஹியூகோ என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும், படத் தொகுப்புக்கென்றே தீம்கள், அதாவது ஆயத்த வடிவமைப்புகள், இருக்கின்றன. கோப்புகளை கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃபிளேர் பேஜஸிலோ இலவசமாக வைக்கலாம். கிட்ஹப்பில் ஒரு தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், படம் ஒன்று 400 கேபி என்றால் 2000 படத்துக்கு மேல் பிடிக்கும், அவ்வளவு போடவும் மாட்டீர்கள். கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தில் 20,000 கோப்புகள்வரை, ஒரு கோப்பு 25 எம்பிக்குள். பிற்காலத்தில் படங்களை அச்சடித்து விற்கிற எண்ணம் இருந்தால் கிட்ஹப் வேண்டாம், வியாபாரத் தளங்களை அங்கே நடத்த விடமாட்டார்கள். முகவரி https என்று தொடங்கத் தேவையான பாதுகாப்புச் சான்றிதழ் இப்போது லெட்ஸ் என்கிரிப்ட் மூலம் இலவசம், அதற்கென்று தனியாக யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நிலாவெளி றோட்:

உவர்மலை அண்ணை சொல்வது அவருக்குச் சரி, அவர் அந்தத் துறையில் இருக்கிறார். ஆனால் கேட்டவர் கோடிங் தெரியாது என்று எழுதியிருக்கிறாரே. ஒரு படம் சேர்க்க ஒவ்வொரு முறையும் மடிக்கணினியைத் திறந்து கட்டளை அடித்துத் தள்ள வேண்டும் என்றால் பத்தாவது படத்தோடு மனம் விட்டுப்போகும். கரையில் நின்றபடியே போனிலிருந்து ஏற்றக்கூடியதாக இருந்தால்தான் தளம் உயிரோடு இருக்கும்.

நான் வேர்ட்பிரஸ் என்ற தளம் செய்கிற மென்பொருளைப் பாவிக்கிறேன். படத்தை ஏற்றினால் அதுவே நாலைந்து அளவுகளில் பிரதி செய்துகொள்ளும், பார்ப்பவரின் திரைக்கு ஏற்றதை அனுப்பும், இது 2015 இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. கீழே இருக்கிற படங்களை ஆள் அங்கே வரும்போது மட்டும் இறக்குவது 2020 இல் 5.5 உடன் வந்தது. கலரிக்கென்று பிளகின் என்கிற துணை மென்பொருள் தேடி அலைய வேண்டாம், அதோடு வருகிற கலரியே போதும். ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளம் இருக்கிற இடத்துக்கு, வருடம் ஒரு தொகை போகும், அதை மறைக்கவில்லை. மற்றது, அப்டேட் வந்தால் அன்றைக்கே போட வேண்டும், கள்ளன் பெரும்பாலும் பழைய பிளகின் வழியாகத்தான் உள்ளே வருவான்.

வயல்வெளி:

தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். ஹியூகோவா வேர்ட்பிரஸா என்பதில் இரண்டு பேரும் சண்டை பிடிக்கத் தேவையில்லை, எதில் செய்தாலும் தளம் நன்றாக இருப்பதும் இல்லாமல் போவதும் படத்தை எப்படித் தயார் செய்து ஏற்றுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முழு அளவில் ஏற்றவே கூடாது. கமராவிலிருந்து வருகிற ஜேபெக் ஒன்று 8 எம்பி என்று வையுங்கள், முகப்பில் 30 படம் இருந்தால் 240 எம்பி. நம்முடைய சனம் அநேகமாகப் போனில், டேட்டா கார்ட் போட்டுத்தான் பார்க்கிறது, அந்தப் பக்கம் திறக்குமுன் மூடிவிடுவார்கள், திறந்தாலும் உங்கள் படத்தைப் பார்த்ததற்கு அவர்கள் காசு கரைந்திருக்கும். நீண்ட பக்கம் 2048 பிக்சல், தரம் 75 முதல் 80, இவ்வளவும் போதும். அப்படி எடுத்தால் படம் ஒன்று 300 முதல் 600 கேபிக்குள் வரும், நுணுக்கமான இலை, மணல், வலைக் கண் உள்ள படங்கள் கொஞ்சம் கூடும். வெப்பி என்ற வடிவத்தில் சேமித்தால் அதிலும் ஏறக்குறைய கால்வாசி குறையும், இப்போதைய பிரவுசர்கள் எல்லாம் அதைக் காட்டும். முகப்பில் 800 பிக்சல் அளவுச் சிறு படங்களை மட்டும் வைத்து, தொட்டால் பெரியது வருகிற மாதிரிச் செய்யுங்கள். ஆள் கீழே வரும்போது இறக்குகிற வசதியை எல்லாப் படத்துக்கும் போடலாம், திரையில் முதலில் தெரிகிற படத்துக்கு மட்டும் போடாதீர்கள், போட்டால் முக்கியமான படமே பிந்தி வரும்.

நிறம். லைட்ரூம் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் ஏற்றுமதி செய்யும்போது நிற முறை எஸ்ஆர்ஜிபி என்று இருக்கிறதா எனக் கட்டாயம் பாருங்கள். கமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற வேறு நிற முறையை வைத்து எடுத்துவிட்டு அப்படியே ஏற்றினால் பல இடங்களில் நிறம் செத்துத் தெரியும், கொட்டியாரக் குடாவின் அந்தப் பச்சை கலந்த நீலத்தைப் பிடிக்க விடிய எழும்பிப் போனவருக்கு அது பெரிய நட்டம்.

போனில் எடுத்த படங்களுக்குள் ஜிபிஎஸ் இடக்குறிப்பு ஒளிந்திருக்கும். வீட்டு முற்றத்தில் பிள்ளைகளை எடுத்த படத்தோடு உங்கள் வீட்டு முகவரியையும் சேர்த்து ஊருக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். பறவைக் கூடு, ஆமை முட்டையிடும் இடம் போன்றவற்றுக்கும் இடக்குறிப்பு வெளியே போகக்கூடாது. லைட்ரூமில் ஏற்றுமதி செய்யும்போதே இடத்தகவலை நீக்கச் சொல்லலாம், அல்லது எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவி. இடத்தை மட்டும் நீக்குங்கள், உங்கள் பெயரும் உரிமைக் குறிப்பும் உள்ளேயே இருக்கட்டும்.

எழுத்து பற்றிக் கேட்டீர்கள். தமிழில் எழுதுங்கள், வேண்டுமானால் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. ஆனால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டாதீர்கள். நம்முடைய கந்தோர்களிலும் அச்சகங்களிலும் இன்னும் பாமினிதான், அது கணினிக்கு ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், அதற்கு மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். தேடலில் அகப்படாது, மற்றவர் போனில் குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவிகளும் தமிழாகவே அறிகிற யூனிகோடுக்கு மாற்றிவிட்டு நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு போடுங்கள், இலவசம். வரிகளுக்கிடையில் ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடம் விட வேண்டும், கொம்பும் சுழியும் மோதாமல் இருக்க. கோப்புப் பெயரையும் பக்க முகவரியையும் மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள், தமிழில் வைத்தால் பல இடங்களில் இணைப்பைப் பகிரும்போது எழுத்துக்கு எழுத்து ஒன்பது குறிகளாக விரிந்து ஒரு முழம் நீளத்துக்குப் போகும்.

பழைய பாதை:

கிண்ணியாவிலிருந்து. நீங்கள் எல்லாரும் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை, ஆனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

2009 இல் பாலம் திறப்பதற்கு முன் கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில்தான் போய்வந்தோம். சைக்கிள், லொறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கர்ப்பிணிகள், மையித்து (இறந்தவர் உடல்), எல்லாம் அந்தப் பாதையில்தான். என் பேத்தி அதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள், இணையத்தில் தேடினோம், பாலத்தின் படம்தான் வந்துகொண்டே இருக்கிறது. பாதையை எடுத்தவர்கள் இல்லாமல் இல்லை. துறையடியில் படம் எடுத்துக்கொண்டு நின்ற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்தப் படங்களுக்குக் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை, அல்லது அழகிய திருமலை என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள், அதை வைத்து யார் கண்டுபிடிப்பது?

ஆகவே தம்பி, எந்த மென்பொருளில் செய்தாலும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன, எங்கே, எந்த வருடம் என்று தமிழில் எழுதுங்கள். சல்லியா, சாம்பல்தீவா, குச்சவெளியா என்று ஊர்ப்பெயரைப் போடுங்கள், திருகோணமலை என்று மட்டும் போட்டு விடாதீர்கள். கரைவலையை நீங்கள் எடுத்திருப்பது பெரிய காரியம். சில இடங்களில் ட்ராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கவும் தொடங்கினார்கள், கையால் இழுத்த காலம் எப்படி இருந்தது என்று பின்னால் வருகிறவர்கள் கேட்பார்கள். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடமும் கயிறு பிடிக்கிறவர்களிடமும் போய் உட்காருங்கள், படத்தைக் காட்டுங்கள், இந்த முடிச்சுக்கு என்ன பெயர், இந்த ஆள் ஏன் தண்ணீருக்குள் நிற்கிறார், வாடியில், அந்தக் கரைக் கொட்டிலில், தொங்குவது எந்த வலை என்று கேட்டு அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதுங்கள். நீங்களாக ஒரு சொல் கட்டி எழுத வேண்டாம்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன், மன்னியுங்கள். சுவாமி மலையில் சூரியன் உதிப்பது, கோட்டை வாசலில் மான், இவற்றை எல்லாரும் எடுத்திருக்கிறார்கள். உங்களுடையதும் வடிவாகத்தான் இருக்கும். ஒன்றை வையுங்கள், போதும். உங்களிடம் மட்டும் இருப்பதை முன்னுக்கு வையுங்கள்.

எல்லாவற்றையும் அந்த ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்காதீர்கள். 2004 சுனாமியில் எங்கள் பக்கம் வீடு வீடாக அல்பங்கள் போயின, கலியாணப் படம், பிள்ளை பிறந்த படம், ஒன்றும் மிஞ்சவில்லை. கரையை விட்டுத் தள்ளி, வேறு ஊரில் இருக்கிற உறவுக்காரர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

உப்புவெளி அலை:

எல்லாருக்கும் நன்றி. பழைய பாதை ஐயா, நீங்கள் எழுதியதை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதுகிறேன், இந்தக் கிழமையே தொடங்குகிறேன்.

இன்னும் இரண்டு விஷயம். இங்கே ஒரு விருந்தினர் விடுதி நான் எடுத்த திமிங்கிலப் படத்தைக் கேட்காமல் எடுத்துத் தங்கள் விளம்பரப் பலகையில் பெரிதாகப் போட்டிருக்கிறது. போய்க் கேட்டால் இணையத்தில் கிடந்தது என்கிறார்கள். அந்தப் படத்துக்காகக் கடலில் எவ்வளவு நேரம் நின்றிருப்பேன், அதை யாருடையதோ மாதிரிப் பேசியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. தளத்தில் போட்டால் இன்னும் இலேசாக எடுப்பார்களே, படத்தின் மேல் பெயர் அடிக்கலாமா? மற்றது, வலை இழுக்கிறவர்களின் முகம் தெளிவாகத் தெரிகிற படங்களை அவர்களிடம் கேட்காமல் போடலாமா?

உவர்மலை:

இணையத்தில் கிடந்தால் பொதுச் சொத்து என்பது பிழையான கதை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் காக்கிறது. எங்கேயும் பதிவு செய்யத் தேவையில்லை, படம் எடுத்த உடனேயே உரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 70 வருடம் நிற்கும். அந்த விடுதிக்கு முதலில் எழுத்தில் கொடுங்கள், கமராவில் எடுத்த மூலக் கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எல்லாம் உங்களிடம்தானே இருக்கும், அதைவிட வேறு சாட்சி வேண்டாம். பெயர் போட வேண்டும் அல்லது காசு தர வேண்டும் அல்லது பலகையை இறக்க வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள்.

படத்தின் நடுவில் பெயர் அடிப்பது எனக்குப் பிடிக்காது. கள்ளனைத் தடுக்க நல்ல மனதோடு பார்க்க வருகிற அத்தனை பேருடைய கண்ணிலும் குத்துவது நியாயம் இல்லை. வயல்வெளி அக்கா சொன்ன 2048 பிக்சலே ஒரு காவல், அச்சுத் தரத்தில் அதை 17 சென்டிமீற்றருக்கு மேல் பெருப்பித்தால் உடையத் தொடங்கும். பெரிய கோப்பை வெளியே விடாதீர்கள், கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் உங்கள் பெயர், வருடம், பாவிக்க விரும்பினால் யாரைக் கேட்பது என்று ஒரு வரி போடுங்கள். பள்ளிக்கூடங்கள் பாவிக்கட்டும் என்று நினைத்தால் மற்றவர் பாவிக்க முன்கூட்டியே அனுமதி கொடுக்கிற கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களில் வியாபாரத்துக்கு அல்லாத ஒன்றைத் தெரிவு செய்யலாம், ஆனால் ஒருமுறை கொடுத்தால் அந்தப் பிரதிக்குத் திரும்ப வாங்க முடியாது, யோசித்துச் செய்யுங்கள்.

வயல்வெளி:

முகங்களைப் பற்றி நான் சொல்கிறேன். கேட்க வேண்டும். சட்டம் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும். அவர்கள் அரைநிர்வாணமாக, வேர்த்து, களைத்து நிற்கிற நேரத்தில் எடுத்த படம் உங்களுக்கு அழகு, அவருடைய மகள் வகுப்பில் அதை யாராவது காட்டினால் அவளுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். படத்தைக் காட்டி, இப்படி ஒரு இடத்தில் போடப்போகிறேன், உலகத்தில் யாரும் பார்க்கலாம், சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல படமாக இருந்தாலும். சம்மதித்தவருக்கு ஒரு பிரதி அச்சடித்துக் கொடுங்கள், அது கடமை. பெயர் போடலாமா என்றும் கேளுங்கள், அநேகமானவர்கள் சந்தோசமாகப் போடச் சொல்வார்கள். பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனிடம். கோயிலில் காவடி, தீர்த்தம் ஆடுகிற பெண்கள், இந்தப் படங்களில் இன்னும் கவனம்.

கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகப் பக்கம் கடற்படை. காவல் நிலைகள் படத்தில் வந்திருந்தால் தளத்தில் போடாதீர்கள். ட்ரோன் பறக்கவிடுகிற எண்ணம் இருந்தால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

உப்புவெளி அலை:

சரி, முடிவெடுத்துவிட்டேன். நிலாவெளி றோட் தம்பி கோபிக்க வேண்டாம், செலவை நினைத்து ஹியூகோவோடு கிளவுட்ஃபிளேரில் தொடங்குகிறேன், உவர்மலை அண்ணை முதல் முறை ஏற்றும்போது கூட இருந்து காட்டுவதாகச் சொன்னார். டொமைன் என் பெயரில் வாங்குகிறேன். எல்லாத் தொடரையும் ஒரேயடியாகப் போடாமல் கரைவலை ஒன்றை மட்டும், பெயர்களும் ஊரும் வருடமும் எழுதி. மற்றவை மெதுவாக வரட்டும். முகப்பில் எந்தப் படம் என்றுதான் இன்னும் யோசனை.

நிலாவெளி றோட்:

கோபம் ஒன்றும் இல்லை அண்ணை, தளம் வந்தால் சரி. முகப்புக்கு மடி கரைக்கு வருகிற படம் நிலைக்குத்தாக எடுத்தது ஒன்று இருந்தால் போனுக்கு அதையும், அகலமானதைக் கணினிக்கும் வையுங்கள், ஒரே இடத்தில் திரைக்கு ஏற்ப இரண்டு படம் காட்ட ஹியூகோவிலும் வழி இருக்கிறது. வந்ததும் இணைப்பை இங்கே போடுங்கள். என்னிடம் ஒரு பழைய மலிவு போன் இருக்கிறது, சிக்னல் குறைவான இடத்தில் வைத்துத் திறந்து, முதல் படம் வர எத்தனை செக்கன் எடுக்கிறது, வெயிலில் எழுத்து வாசிக்க முடிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.